சுவரை வெட்டுவதற்கு முன்னால் கூப்பிடுங்கள்

நான் இன்டீரியர் டிசைனர். போன வாரம் சேலம் அழகாபுரத்தில் ஒரு புது வீட்டுக்குப் போயிருந்தேன். கீழ்த்தளத்தில் பெயிண்ட் வாசம் இன்னும் போகவில்லை. கிரைண்டர் வைக்க நினைத்த மூலையில் கரண்ட் பாயிண்ட் இல்லை. ஃபிரிட்ஜ் மறைக்கப்போகும் இடத்தில் இரண்டு இருந்தன. புதிதாக என்னிடம் சேர்ந்த தம்பி, "வெட்டிக்கலாம் சார், ஒருநாள் வேலைதான்" என்றான். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதையேதான் சொன்னேன்.

புது வீட்டின் உள்வேலையில் பலர் செய்யும் தவறுகளைச் சொல்கிறேன். கலர், திரைச்சீலைத் தவறுகளை விட்டுவிடுகிறேன். அவற்றை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மாற்றிவிடலாம்.

எல்லாம் முடிந்தபின் டிசைனரைக் கூப்பிடுவது

அம்மாபேட்டையில் ஒரு குடும்பம். கணவர் தறிப்பட்டறை வைத்திருந்தார், மனைவி ஆசிரியை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், கூடவே கணவருடைய அம்மா. காலை ஆறு மணியிலிருந்து எட்டரை வரை அந்த வீட்டில் யாருக்கும் நிற்க நேரமிருக்காது. "உட்கார்ந்து பேசவெல்லாம் முடியாது தம்பி, நீங்களே பார்த்துச் செஞ்சிடுங்க" என்றார்கள். நானும் சரி என்றேன். வயரிங், பிளம்பிங், டைல்ஸ் எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருந்தன. அலமாரியும் கிச்சன் கேபினட்டும் வரைந்து கொடுத்தேன். பார்க்க நன்றாகவே இருந்தது.

குடிபோன முதல் வாரத்திலேயே கிரைண்டர் கூடத்துக்கு வந்துவிட்டது. அலமாரிக் கதவைத் திறந்தால் சுவிட்ச் போர்டு மறைந்தது. வாஷிங் மெஷின் வைத்த இடத்தில் தண்ணீர் வெளியேற வழியில்லை. ஸ்கூல் பையும் ஷூவும் வாசலிலேயே சிதறிக் கிடந்தன. அடுப்படிச் சுவரை மறுபடி வெட்டினோம், நான்கு டைல்ஸ் உடைந்தன. கடையில் அதே மாடல் கிடைத்தது, ஆனால் வேறு பேட்ச், நிறம் ஒட்டவில்லை. கடைசியில் அந்தச் சுவர் முழுக்க மாற்ற வேண்டியதாயிற்று. பேச இரண்டு மணி நேரம் இல்லாத அந்த டீச்சர், ஆட்கள் வேலை செய்யும்போது வீட்டிலிருக்க நான்கு நாள் லீவு போட்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. அன்றைக்கு நான் சரி என்று சொல்லியிருக்கவே கூடாது.

நேரமில்லாத வீட்டுக்குத்தான் டிசைனர் அதிகம் தேவை. செங்கல் சுவர் எழும்பி, எலெக்ட்ரீஷியன் சாக்பீஸால் கோடு போடுவதற்கு முன்பு கூப்பிடுங்கள். காலையில் யார் முதலில் எழுவார், டிபன் பாக்ஸ் எங்கே கட்டுவீர்கள், மாவு வாரத்துக்கு எத்தனை முறை ஆட்டுவீர்கள், துணி எங்கே மடிப்பீர்கள் என்று கேட்பார். கேட்காதவரை வைத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பதில்களை வைத்துத்தான் பாயிண்டுகளின் இடம் முடிவாகும். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்புக்கு 16 ஆம்ப் பாயிண்ட் வேண்டும், 6 ஆம்ப் பாயிண்ட் தாங்காது. மேடை உயரமும் அப்படித்தான். சமைப்பவரின் முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே இருந்தால் தோள் வலிக்காது. மேஸ்திரி எல்லா வீட்டுக்கும் ஒரே அளவைத்தான் வைப்பார்.

டைல்ஸ் வாங்கும்போது அதே பேட்சில் ஒரு பெட்டி கூடுதலாக எடுத்துப் பரணில் போட்டுவிடுங்கள்.

சதுர அடி ரேட்டை மட்டும் கேட்பது

ரேட்டோடு எந்த பிளைவுட் என்றும் கேளுங்கள். ஐ.எஸ். என்பது இந்தியத் தர எண். ஐ.எஸ். 303 சாதாரண உபயோகத்துக்கு. சிங்க் அடியிலும் குளியலறை ஒட்டிய அலமாரியிலும் ஐ.எஸ். 710 போட வேண்டும். "வாட்டர்ப்ரூஃப்தாங்க" என்ற வாய்ச்சொல் போதாது. வெட்டுவதற்கு முன் பலகையில் இருக்கும் முத்திரையை நீங்களே பாருங்கள்.

ஏற்காட்டு வீட்டுக்குச் சேலத்துக் கணக்கு

மேலே சுமார் 1500 மீட்டர் உயரம், ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வரும். மரத்தூளை அழுத்திச் செய்யும் பார்ட்டிக்கிள் போர்டு அங்கே உப்பிப்போகும். வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வைத்தால் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும், துணியெல்லாம் வாடை அடிக்கும். உள்சுவரில் வையுங்கள். முடியாவிட்டால் ஓர் அங்குலமாவது காற்றுப் போக இடைவெளி விடுங்கள்.

முகூர்த்தத்தைக் குறித்துவிட்டுத் தச்சரை விரட்டுவது

வேண்டாம்.

பாட்டியைக் கேட்காமல் விடுவது

பகல் முழுக்க வீட்டில் இருப்பவர் அவர்தான்.

அழகாபுரம் வீட்டில் மேல்மாடி இன்னும் பூசவில்லை. வரும் ஞாயிறு காலை அந்த வீட்டுப் பாட்டியையும் உட்கார வைத்து, நானும் தம்பியும் அங்கே சாக்பீஸோடு நிற்கப் போகிறோம்.