இடம் மாறிய லூப்பை எடுக்கப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கிழமை ஒரு பயிற்சி வைத்தியர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிவிட்டு, "லூப் வலப்பக்க இடுப்புக்குள்ள கிடக்குது டொக்டர், நாளைக்கே எடுத்திடலாம்" என்றார். கர்ப்பத்தைத் தடுக்கக் கருப்பைக்குள் போடும் சிறு கருவிதான் லூப்; சில வேளை அது கருப்பையைத் துளைத்து வயிற்றுக்குள் போய்விடும். நான் படத்தின் மூலையைப் பார்த்தேன். திகதி ஏழு கிழமைக்கு முந்தியது. பல வருடங்களுக்கு முன் நானும் இப்படியான ஒரு படத்தை நம்பித்தான் ஒரு தாயின் வயிற்றுக்குள் கமராவை விட்டேன். பிறகு வந்த ஒவ்வொரு அணியிலும் யாராவது ஒருவர் அதே இடத்தில் சறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்வது, ஒப்புதல் படிவத்தில் 'தேவைப்பட்டால் வயிற்றைத் திறக்க நேரிடும்' என்று எழுதுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை எல்லாரும் செய்கிறீர்கள்.

ஸ்கானில் இல்லை என்றால் விழுந்துவிட்டது என்று எழுதுவது

லூப்பிலிருந்து தொங்கும் நூலைக் காணவில்லை என்று ஒரு தாய் வருகிறாள். ஸ்கானில் கருப்பை வெறுமையாக இருக்கிறது. உடனே 'லூப் விழுந்துவிட்டது' என்று அட்டையில் எழுதி, புதிதாக ஒன்றைப் போட்டு அனுப்பிவிடுகிறோம். லூப் தெரியாமல் விழுவது உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விழுந்ததை அவள் கண்ணால் கண்டாளா? காணவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்காமல் அந்த வசனத்தை எழுதக் கூடாது. கருப்பைக்குள் இல்லை என்பதை மட்டும்தான் ஸ்கான் சொல்லும். லூப்பின் பிளாஸ்டிக்கில் பேரியம் சல்பேற்று கலந்திருப்பதால் வயிற்றில் எங்கே கிடந்தாலும் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். இடுப்பை மட்டும் எடுக்காமல் மேல் வயிறும் விழும்படி எடுக்க வேண்டும். ஒரே படத்தில் இரண்டு லூப் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒன்று கருப்பைக்குள் ஒழுங்காக நின்றது. மற்றது இடுப்பெலும்பின் ஓரத்தில் சரிந்து கிடந்தது.

கருப்பைச் சுவரைத் துளைத்து லூப் வெளியே போவது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் நடக்கிறது. ஆனால் பிரசவத்துக்குப் பிந்திய மாதங்களில், பால் கொடுக்கும் காலத்தில் போட்டால் அந்த ஆபத்துப் பல மடங்கு கூடும். எங்கள் கிளினிக்குகளில் லூப் போட வருகிறவர்களில் அநேகர் கைக்குழந்தையோடுதானே வருகிறார்கள்!

பழைய எக்ஸ்ரே படத்தோடு சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குப் போவது

இதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

நான் முதலில் சொன்ன அந்தத் தாய் நெடுந்தீவிலிருந்து வந்தவர். விடியப் படகேறி, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து யாழ்ப்பாணம் வந்து சேர வேண்டும். வார்ட்டில் அனுமதித்த அன்று எக்ஸ்ரே அறையில் நீண்ட வரிசை. இரண்டு மாதத்துக்கு முந்திய படம் கையில் இருந்தது, லூப் கருப்பைக்கு வலப்பக்கத்தில் தெளிவாகத் தெரிந்தது. இவ்வளவு தூரம் வந்த மனுசியை மறுபடி ஏன் அலைக்கழிப்பான் என்று நினைத்து, அந்தப் படமே போதும் என்று முடிவெடுத்தேன். இரக்கப்பட்டுத்தான் அப்படிச் செய்தேன். அந்த இரக்கம் அவரை வீணாக ஒன்றரை மணித்தியாலம் மயக்கத்தில் வைத்தது.

தொப்புளில் துளை போட்டு, காபனீரொட்சைட்டால் வயிற்றை ஊதி, வழக்கம்போல மேசையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தினோம். இடுப்புக்குள் வேலை செய்யும்போது குடல் மேலே விலகட்டும் என்று எல்லாரும் செய்வதுதான். வலப்பக்கம் பார்த்தேன், இல்லை. கருப்பைக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் இல்லை. இடப்பக்கச் சூலகத்தின் கீழும் இல்லை. குடலை மடிப்பு மடிப்பாகத் தூக்கிப் பார்த்தோம். கடைசியில் மேசையைச் சமப்படுத்தி, தியேட்டருக்குள்ளேயே எக்ஸ்ரே எடுத்தோம். லூப் இடது விலாவுக்குக் கீழே நின்றது.

நடந்தது இதுதான். கருப்பையை விட்டு வெளியேறும் லூப் அடிக்கடி போய் ஒட்டிக்கொள்வது ஓமென்டத்தில், அதாவது குடலுக்கு முன்னால் ஏப்ரன் மாதிரித் தொங்கும் கொழுப்புத் திரையில். அந்தத் திரை ஓரிடத்தில் நிற்காது. ஆள் எழுந்து நின்றால் இறங்கும், தலையைத் தாழ்த்தினால் இரைப்பைப் பக்கம் போகும். லூப்பும் அதோடு சேர்ந்து போகும். இரண்டு மாதத்துக்கு முன் வலப்பக்கம் கிடந்தது என்ற தகவல் அந்த நாளுக்கு மட்டும் உண்மை. போதாததற்கு, மேசையைத் தாழ்த்தி லூப்பை நானே மேலே அனுப்பிவிட்டு, கீழே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எடுத்திட்டியளோ டொக்டர்?" எடுத்துவிட்டோம். ஆனால் அரை மணித்தியாலத்தில் முடிய வேண்டிய வேலைக்கு ஏன் அவ்வளவு நேரம் போனது என்று வெளியே காத்திருந்த அவருடைய தாய்க்கு விளக்க வேண்டியிருந்தது. பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அவர் என் முகத்தையே பார்த்தபடி இருந்தார்.

ஆகவே, சத்திரசிகிச்சை அன்று காலையிலேயே புதுப் படம் வேண்டும். வரிசை நீளமாக இருந்தால் நீங்களே எக்ஸ்ரே அறைக்குப் போய்க் கேளுங்கள். தியேட்டரில் சீ-ஆர்ம் என்ற நகர்த்தக்கூடிய எக்ஸ்ரே இயந்திரம் இருந்தால் அதையும் முதலே சொல்லி வையுங்கள். கமரா உள்ளே போனதும் மேசையைத் தாழ்த்த அவசரப்படாதீர்கள். சமமாக இருக்கும்போதே ஓமென்டத்தை ஒருமுறை முழுக்கப் பாருங்கள். கொழுப்புக்குள் புதைந்திருந்தால் லூப் கண்ணுக்குத் தெரியாது. தடித்து, சுருங்கி நிற்கும் ஒரு திரட்சிதான் தெரியும். சில வேளை அதிலிருந்து நூல் மட்டும் எட்டிப் பார்க்கும்.

நூல் தெரிந்ததும் இழுப்பது

இழுக்காதீர்கள். லூப்பில் உள்ள செம்பு தன்னைச் சுற்றி அழற்சியை உண்டாக்கி, அருகில் இருப்பதை எல்லாம் ஒட்டவைத்துவிடும். நூலின் மறுமுனையில் சிக்மொயிட் குடலின், அதாவது பெருங்குடலின் கீழ் வளைவின், சுவர் இருக்கலாம். ஒட்டியதை முதலில் பிரியுங்கள். லூப்பின் தண்டு முழுதாகக் கண்ணுக்குத் தெரிந்த பிறகு அதைப் பிடித்து, துளைக் குழாய்க்குள் நேராக எடுங்கள்.

குடலுக்குள் புகுந்திருக்கும் என்ற சந்தேகத்தோடு தனியாக இறங்குவது

பொதுச் சத்திரசிகிச்சை நிபுணருக்கு முதல் நாளே சொல்லுங்கள்.

'வலி இல்லைத்தானே, கிடக்கட்டும்'

வேண்டாம். கிடக்கக் கிடக்க ஒட்டுகள் கூடும்.

எடுத்ததை எண்ணாமல் ஒப்படைப்பது

கொப்பர் டீ 380ஏ என்ற 'T' வடிவ லூப்பின் தண்டு 36 மில்லிமீற்றர், இரண்டு கையும் சேர்ந்து 32 மில்லிமீற்றர். இரண்டு கையிலும் ஒவ்வொரு செப்புக் குழல், தண்டில் சுற்றிய செப்புக் கம்பி. கிண்ணத்தில் போட்டதும் இரண்டு குழலும் இருக்கின்றனவா, கம்பி இடையில் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். பல வருடம் கிடந்த லூப்பில் கம்பி துண்டு துண்டாகக் கழன்று வருவதுண்டு. பார்த்த பிறகுதான் துளைகளைத் தைக்க வேண்டும்.

அடுத்து என்ன என்று பேசாமல் வீட்டுக்கு விடுவது

வயிற்றுக்குள் போன லூப் கர்ப்பத்தைத் தடுக்காது. இவ்வளவு நாளும் அவள் பாதுகாப்பு இல்லாமல்தான் இருந்திருக்கிறாள். வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டி அனுப்புவதற்கு முன், ஊசியா, மாத்திரையா, பிறகு இன்னொரு லூப்பா என்று அவளிடமே கேட்டு, அவளுடைய பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கும் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.