கோத்தகிரிக் குளிர் போதாது: கனடா போகிறவர்களுக்கு ஃபர்னஸ் பற்றிச் சில வார்த்தைகள்

டிசம்பர் லீவுக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். வந்த மூன்றாம் நாள் அரவேனுவிலிருந்து ஒரு பையனும் குன்னூரிலிருந்து ஒரு பெண்ணும் பார்க்க வந்தார்கள். இரண்டு பேருக்கும் பி.ஆர்., அதாவது கனடாவில் நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி, கிடைத்துவிட்டது. மார்ச்சில் டொராண்டோ பக்கம் கிளம்புகிறார்கள். எத்தனை ஸ்வெட்டர் எடுக்க வேண்டும், பூட்ஸ் இங்கேயே வாங்கலாமா என்று கேட்டார்கள். அதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம், முதலில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் பற்றிக் கேளுங்கள் என்று ஆரம்பித்தேன். தட்டில் இருந்த வர்க்கி தீரும் வரை பேசியும் பாதிதான் முடிந்தது. மீதிக்காக இதை எழுதுகிறேன்.

"எங்களுக்குக் குளிர் பழக்கம்தான்க்கா" என்றான் பையன். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு போனேன். தலைகுந்தாவில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவள் என்று ஒரு திமிர். ஊட்டியில் ராத்திரி பூஜ்யத்தைத் தொட்டாலும் காலை பத்து மணிக்கு வெயில் வந்துவிடும். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் மைனஸ் இருபது வரை இறங்கும் இரவுகள் உண்டு. பகலிலும் பூஜ்யத்துக்கு மேல் ஏறாத நாட்கள் வரிசையாக வரும். ஆனால் வீட்டுக்குள் நாம்தான் அதிகம் குளிரில் இருக்கிறோம். இதை எழுதும்போது ஸ்வெட்டர், அதன் மேல் சால்வை, காலில் சாக்ஸ். டொராண்டோவுக்குப் பக்கத்தில் பிராம்ப்டனில் என் வீட்டில் ஜனவரியில் பருத்திச் சட்டையோடு சமைப்பேன். இங்கே நாம் ஆளைப் போர்த்துகிறோம், அங்கே வீட்டையே சூடாக்கி வைக்கிறார்கள். அந்தச் சூட்டுக்குக் காரணம் நிலத்தடி அறையில், பேஸ்மென்டில், பீரோ உயரத்துக்கு நிற்கும் ஒரு தகரப் பெட்டி. அதுதான் ஃபர்னஸ். பெரும்பாலும் இயற்கை எரிவாயுவில் ஓடும். அது காற்றைச் சூடாக்கி, டக்ட் என்ற காற்றுக் குழாய் வழியாக எல்லா அறைக்கும் தள்ளும். கோடையில் ஏசியின் குளிர்ந்த காற்றும் அதே டக்டில்தான் வரும். அதனால் இரண்டுக்கும் ஒரே கான்ட்ராக்டர். பெட்டி இரண்டு நாள் நின்றால் வீட்டுக் குழாயில் தண்ணீர் உறைந்து குழாயே வெடிக்கலாம். கம்பளி போர்த்திச் சமாளிக்கிற விஷயமில்லை.

முதல் வருடம் நீங்கள் வாடகைக்குத்தான் இருப்பீர்கள், அநேகமாக யாராவது ஒருவரின் பேஸ்மென்டில். அப்போது ஃபர்னஸ் உங்கள் கவலை இல்லை, வீட்டுக்காரர் கவலை. குளிர்காலத்தில் வீடு 20 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் மேல்மாடியில் அவர் கையில் இருக்கும், கேட்கத்தான் வேண்டும். கூச்சப்படாதீர்கள்.

சொந்த வீடு வாங்கிய பிறகுதான் கதை. காகிதச் சடங்குகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். எரிவாயு வேலை செய்யும் கம்பெனி டி.எஸ்.எஸ்.ஏ. என்ற பாதுகாப்பு அமைப்பில் பதிவு பெற்றிருக்க வேண்டும், அவர்கள் தளத்தில் பெயரைப் போட்டால் தெரிந்துவிடும். வருகிற ஆளிடம் கேஸ் டெக்னீஷியன் சான்று இருக்க வேண்டும். ஏசி கேஸைத் தொடுகிறவரிடம் ஓசோன் பாதுகாப்புப் பயிற்சி முடித்ததற்கான ஓ.டி.பி. அட்டை இருக்க வேண்டும். புதிதாக வயர் இழுத்தால் அது லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் வேலை. மூன்று பேரிடம் எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். வீட்டின் சதுர அடி, ஜன்னல், சுவர் எதையும் பார்க்காமல் "பெரிசாவே போட்டுடலாம்" என்பவரை அனுப்பிவிடுங்கள். அளவுக்கு மீறிய ஃபர்னஸ் சட்டென்று சூடாக்கி நின்று, மறுபடி ஓடி, மறுபடி நிற்கும். சீக்கிரம் கெடும். இந்த வேலையையெல்லாம் செப்டம்பரில் முடித்துவிடுங்கள். ஜனவரியில் கூப்பிட்டால் அவர் சொல்வதுதான் விலை.

இது எதுவுமே என்னைக் காப்பாற்றவில்லை. ஏனென்றால் நான் யாரையும் கூப்பிடவே இல்லை, அவனாகவே வந்தான்.

2016 அக்டோபர். வீடு வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. சாயங்காலம் ஒருவன் கதவைத் தட்டினான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். எரிசக்திச் சோதனை, தெருவில் எல்லா வீட்டிலும் பார்க்கிறோம் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தவன், உள்ளே அடுப்பில் வெந்துகொண்டிருந்த ரசத்தின் வாசனைக்கோ என்னவோ, தமிழுக்கு மாறினான். "அக்கா எந்த ஊரு?" கோத்தகிரி என்றேன். "அட! நான் மேட்டுப்பாளையம்க்கா. உங்க மலைக்குக் கீழதான்." அவ்வளவுதான், எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தத் தெருவில் ஒரு வருடமாக என்னை யாரும் எந்த ஊர் என்று கேட்டதில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். கீழே போய் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே விரிசல் இருக்கிறது, விஷவாயு கசியும், குழந்தை இருக்கிற வீடு என்றான். புதிது போட்டுத் தருகிறோம், கைக்காசு ஒரு டாலர் வேண்டாம், ஃபர்னஸும் ஏசியும் சேர்த்து மாதம் 149 டாலர் வாடகை, பழுதானால் எங்கள் பொறுப்பு. டேப்லெட்டில் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னான். போட்டேன். முப்பது பக்க ஒப்பந்தம் மின்னஞ்சலில் வந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கே இரண்டு பேர் வந்து பழைய பெட்டியைக் கழற்றி வேனில் ஏற்றிவிட்டார்கள்.

பழையதற்கு அப்போது ஒன்பது வயது. ஃபர்னஸ் பதினைந்து, இருபது வருடம் உழைக்கும். வயதைத் தெரிந்துகொள்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கதவுத் தகட்டைக் கழற்றினால் உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளில் சீரியல் எண் இருக்கும், தயாரித்த வருடம் அதற்குள்ளேயே ஒளிந்திருக்கும். குறிக்கும் முறை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், தேடினால் கிடைக்கும். வீடு வாங்கிய அன்றே அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விரிசல் என்று யாராவது சொன்னால், எங்கே, காட்டு என்று கேளுங்கள். படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். நிஜமாகவே விரிசல் இருந்தால் ஆபத்துதான், அலட்சியம் வேண்டாம். இன்னொரு டெக்னீஷியனை வைத்தும் பாருங்கள். விற்க வந்தவன் வாயிலிருந்து மட்டும் அந்தச் செய்தி வரக்கூடாது.

2019இல் வீட்டுக் கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றலாம் என்று வக்கீலிடம் போனோம். அவர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "உங்கள் வீட்டின் மேல் ஒரு நோட்டீஸ் இருக்கிறதே, தெரியுமா?" என்றார். நம்மூர்ப் பாஷையில் சொன்னால் வில்லங்கம். இங்கே நிலம் வாங்குகிறவன் முதலில் வில்லங்கச் சான்று எடுக்கிறான். அங்கே வாடகை ஃபர்னஸுக்காக என் பத்திரத்தின் மேலேயே வில்லங்கம் ஏறியிருக்கிறது, எனக்கே தெரியாது. நோசி (Notice of Security Interest) என்பார்கள். அதை எடுக்காமல் கடன் மாற்றுவதும் வீட்டை விற்பதும் அப்போது பெரும்பாடு. எடுக்க எவ்வளவு என்று வாடகைக் கம்பெனியிடம் கேட்டால் 11,400 டாலர் என்றார்கள். அதற்குள் ஐயாயிரம் டாலருக்குப் பக்கத்தில் வாடகை கட்டியிருந்தோம். பக்கத்து வீட்டு பஞ்சாபிக்காரர் அதே ஜோடியை மொத்தமாக 7,500க்கு வாங்கிப் போட்டிருந்தார். ஒப்பந்தத்தைப் படித்தால் பத்து வருடம், வருடாவருடம் வாடகை ஏறும். பேசி, மாகாண அரசின் நுகர்வோர் பிரிவுக்கு எழுதி, மறுபடி பேசி, 7,000த்தில் முடித்தோம்.

பணம் போனதைவிட வேறொன்றுதான் உறுத்தியது. வீட்டுக்கு வந்து செய்யும் ஒப்பந்தத்தை, நகல் கைக்குக் கிடைத்த பத்து நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். பெட்டியை மாட்டிவிட்டார்கள் என்பது தடையில்லை. நான் நான்காம் நாளே சந்தேகப்பட்டு அவனுக்குப் போன் செய்தேன். "மாட்டியாச்சேக்கா, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்றான். நம்பினேன். ரத்து செய்வதைப் போனில் சொல்லாதீர்கள். மின்னஞ்சலோ பதிவுத் தபாலோ அனுப்பி, நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னை மாதிரி ஏமாந்த ஆயிரம் பேர் கத்திய பிறகு சட்டம் மாறியது. 2018 மார்ச் 1 முதல், அழைக்காமல் கதவைத் தட்டி ஃபர்னஸ், ஏசி, வெந்நீர் டேங்க் விற்பது ஒன்டாரியோவில் தடை. அப்படிச் செய்த ஒப்பந்தம் செல்லாது. 2024 ஜூனில் இந்த நோட்டீஸ் பதிவதையும் தடை செய்து, ஏற்கெனவே வீடுகளின் மேல் இருந்தவற்றையும் காலாவதி ஆக்கினார்கள். ஆனால் பத்திரத்திலிருந்து நோட்டீஸ் போனாலும் வாடகை ஒப்பந்தம் தானாகச் சாகாது. பழைய வீடு வாங்கும்போது ஃபர்னஸ், ஏசி, வெந்நீர் டேங்க் மூன்றும் சொந்தமா வாடகையா என்று கேளுங்கள். அதில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போய்ப் பாருங்கள். இல்லையென்றால் பழைய சொந்தக்காரரின் வாடகை உங்கள் தலையில் விடியும். தட்டுகிறவர்களும் மறையவில்லை, போனுக்கு மாறிவிட்டார்கள். "அரசு மானியம்", "இலவசச் சோதனை" என்பார்கள். "சரி, வாங்க" என்று நீங்கள் சொல்லிவிட்டால், நீங்கள்தான் அழைத்தீர்கள் என்று எழுதிக்கொள்வார்கள். அரசு யாரையும் அனுப்பி ஃபர்னஸ் விற்பதில்லை.

கோத்தகிரியில் கீசர் ரிப்பேர்காரர் ஏமாற்றினால் மறுநாள் காலை டானிங்டன் டீக்கடையில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அவர் மாமியார் அம்மாவோடு ஒரே ஃபேக்டரிக்குப் பச்சைத் தேயிலை போடுகிறவர். அந்தக் கூச்சத்துக்காகவே வந்து சரிசெய்து கொடுத்துவிடுவார். "மேட்டுப்பாளையம்" என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் அந்த மொத்த ஏற்பாடும் பிராம்ப்டனுக்கு வந்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன். அங்கே அவனுக்கு மாமியாரும் இல்லை, டீக்கடையும் இல்லை.

இதனால் தமிழர்களை நம்பாதே என்று சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இப்போது என் ஃபர்னஸைப் பார்ப்பவர் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர். அவரைப் பிடித்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 2020 பிப்ரவரி, ராத்திரி இரண்டு மணி, பனிப்புயல், ஃபர்னஸ் நின்றுவிட்டது. இரண்டு கம்பெனிக்குப் போன் செய்தேன். வந்து பார்க்க மட்டும் 300 டாலர், ரிப்பேர் தனி. மூன்றாவதாக, கோயிலில் ஒருவர் கொடுத்திருந்த எண். தூக்கக் குரலில் எடுத்தார். "பிள்ளை, முதல்ல வெளியால போய் அந்த வெள்ளைக் குழாயில ஸ்நோ அடைச்சிருக்கோ எண்டு பாருங்கோ. அதுக்குப் பிறகும் வேலை செய்யாட்டி நான் வாறன்." புதிய ஃபர்னஸ்களுக்குப் புகைபோக்கி கிடையாது, பக்கச் சுவரில் இரண்டு பிளாஸ்டிக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று காற்றை இழுக்கும், ஒன்று வெளியே விடும். அடைத்தால் பெட்டி தானாக நின்றுவிடும். தோசைக்கரண்டியோடு முழங்கால் பனியில் இறங்கிச் சுரண்டினேன். உள்ளே வந்து சுவிட்சை அணைத்துப் போட்டதும் உர்ரென்று கிளம்பியது. அவர் அதற்குக் காசு வாங்கவில்லை. மறுநாள் அவருடைய டி.எஸ்.எஸ்.ஏ. பதிவைத் தேடிப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தது.

ஆகவே ஆளைக் கூப்பிடுமுன் நீங்களே பாருங்கள்: தெர்மோஸ்டாட் பேட்டரி, பிரேக்கர், ஃபில்டர், அந்தக் குழாய். ஃபில்டர் இருபது டாலர் சமாச்சாரம், குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நம் சமையல் எண்ணெய்ப் புகைக்கு அது சீக்கிரமே கறுத்துவிடும். மாற்றாமல் விட்டுவிட்டு ஃபர்னஸ் சரியில்லை என்பவர்கள் நிறைய.

இன்னொன்று, தூங்கும் அறைகளுக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம். 2014 முதல் அங்கே கட்டாயம். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். நம் மலையிலும் குளிருக்குக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் எழுந்திருக்காத கதையைக் கேட்டிருக்கிறோம், அதே வாயுதான். அம்மா இன்னும் குமுட்டி அடுப்பில் கரி போட்டுத்தான் அறையைச் சூடாக்குகிறாள். அதனால் இந்தத் தடவை ஓர் அலாரத்தைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து அவள் கட்டில் பக்கம் மாட்டினேன். முதல் ராத்திரியே கத்தியது. ஜன்னலைத் திறந்து வைத்து, குமுட்டியைத் திண்ணைக்குத் தூக்கிப் போய், இதற்குத்தான் சொன்னேன் என்று ஒரு பாட்டம் பேசினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நேற்று மாலை டி.வி. ரிமோட் நன்றாக வேலை செய்கிறதே என்று பார்த்தேன். அலாரத்தின் இரண்டு பேட்டரியும் அதில் இருந்தன.