ஜோபர்க்கிலிருந்து கைக்குழந்தையோடு சென்னைக்கு: உடம்புக்கு என்னென்ன பார்க்க வேண்டும்

இங்கே தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்கில் (ஜோபர்க்) பிள்ளை பெற்ற நம்மவர்களிடம் ஊரிலிருந்து வரும் கேள்வி ஒன்றுதான்: "எப்போ தூக்கிட்டு வர்றீங்க?" பாஸ்போர்ட், விசா பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் உடம்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மகளைத் துபாய் வழியாகத் தூக்கிப் போனபோது நாங்கள் கடைப்பிடித்தவை இவை.

1. நாள் குறிப்பது

பிறந்து 48 மணி நேரத்துக்குள் பறக்கவே கூடாது, 7 நாளாவது கழியட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். என்னைக் கேட்டால் அதுவும் போதாது. இங்கே 6 வாரத்தில் போடும் தடுப்பூசிகள் முடியட்டும், அப்புறம் ஓரிரு வாரம் விட்டுக் கிளம்புங்கள். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு உடம்புச் சூடு 38 டிகிரி செல்சியஸ் தொட்டாலே உடனே டாக்டர் பார்க்க வேண்டும். நடுவானில் எங்கே போவீர்கள்? குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு உள்ள பிள்ளை என்றால், குழந்தை மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான் டிக்கெட்.

2. காது (இதைக் கவனமாகப் படியுங்கள்)

விமானத்துக்குள் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருப்பது போல இருக்கும். ஜோபர்க் விமான நிலையமே கிட்டத்தட்ட 1,700 மீட்டரில் இருக்கிறது. அதனால் இங்கே ஏறும்போது காதுக்குப் பெரிய மாற்றம் தெரியாது. துபாயும் சென்னையும் கடல்மட்டத்தில் இருப்பவை. துபாயில் மறுபடி ஏறும்போது அழுத்தம் மாறும், அப்போது கொஞ்சம் பால் கொடுங்கள்; ஆனால் காதுக்குச் சிரமம் அதிகம் இறங்கும்போதுதான். பிள்ளைக்குக் காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் குறுகலானது, விழுங்கும்போது திறக்கும்.

நிறையப் பேர் ஏறும்போதே வயிறு முட்டப் பால் கொடுத்துத் தூங்க வைத்துவிடுகிறார்கள். இறங்கும்போது பசி இருக்காது, பிள்ளை வீறிட்டு அழும். தரை தொடுவதற்கு ஏறக்குறைய அரைமணி நேரம் முன்பே இறக்கம் தொடங்கிவிடும். பணிப்பெண்ணிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அவர் சொன்னதும் மெதுவாக எழுப்பி, தலையைச் சற்று உயர்த்திப் பிடித்துப் பால் கொடுங்கள். வேகமாகக் குடித்தால் இடையிடையே நிறுத்தி, தரை தொடும்வரை நீட்டுங்கள். துபாயில் ஒருமுறை, சென்னையில் ஒருமுறை. காதில் பஞ்சு வைப்பதால் பயனில்லை.

3. பையில்

டிஜிட்டல் தெர்மாமீட்டர், மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு, மாற்றுத் துணி. உள்ளே காற்று ரொம்பக் காய்ந்திருக்கும். அதற்காகத் தண்ணீர் கொடுக்காதீர்கள்; 6 மாதம் வரை பால்தான். தூங்க வைக்க சளி சிரப் கொடுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. கைக்குழந்தையின் மூச்சையே அது பாதிக்கலாம், வேண்டவே வேண்டாம்.

பிற்சேர்க்கை

டர்பனிலிருந்து ஒரு தோழி, "எங்கள் ஊர் கடலோரம்தானே?" என்று கேட்டிருந்தார். ஆமாம், உங்கள் பிள்ளைக்கு உயரம் புதிது, ஏறும்போதும் கொஞ்சம் பால் கொடுங்கள். நிறைமாத, ஆரோக்கியமான குழந்தை விமானத்துக்குள் உயரத்தால் வரும் ஆக்சிஜன் குறைவைத் தாங்கிக்கொள்ளும். மூக்கடைப்பு இருந்தால் மட்டும் கிளம்பும் முன் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இன்னொருவர் தொட்டில் பற்றிக் கேட்டார். முன்வரிசையில்தான் மாட்டுவார்கள், எடை வரம்பு விமானத்துக்கு விமானம் மாறும். பெல்ட் விளக்கு எரிந்தால் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்து, அதற்கென்று தரும் சின்ன பெல்ட்டைப் போடுங்கள். உங்கள் பெல்ட்டையே இருவருக்கும் சேர்த்துப் போடாதீர்கள். குலுங்கினால் உங்கள் எடை முழுவதும் பிள்ளை மேல் விழும்.