தூக்கத்தில் முனகலா? எந்த மூச்சில் என்று முதலில் கேளுங்கள்

மூச்சு ஆழமாக உள்ளே போகிறது. நெஞ்சு ஏறி நிற்கிறது. அடுத்து சட்டென்று வெளியே வரவேண்டிய காற்று வருவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. கசியும்போதே ‘ம்ம்ம்ம்’ என்று சுருதிப்பெட்டி போல ஒரே இழையில் முனகல், பத்து நொடி, இருபது நொடி, சிலருக்கு அதற்கும் மேலே. ஏறிய நெஞ்சு மெல்ல மெல்ல இறங்கும். கடைசியில் ஒரு சின்னப் பெருமூச்சோ உறுமலோ வந்து, மறுபடி ஆழ்ந்த மூச்சு, மறுபடி முனகல். ஐந்து நிமிடத்திலும் அடங்கலாம், ஒரு மணி நேரமும் இழுக்கலாம். முகத்தில் வலியும் இருக்காது, பயமும் இருக்காது. காலையில் கேட்டால், “நானா? நல்லாத்தானே தூங்கினேன்” என்பார்.

இதற்குக் கேட்டத்ரீனியா என்று பெயர். 1983-இல் முதன்முதலாக மருத்துவ ஏட்டில் பதிவானது. பெயர் கிடைத்தது 2001-இல்தான். கிரேக்கத்தில் ‘கதா’ என்றால் கீழே, ‘த்ரேனோஸ்’ என்றால் ஒப்பாரி. பெயர் வைத்தவர்களுக்கு நல்ல காது. 2005-இல் வந்த தூக்கக் கோளாறு வகைப்பாடு இதைத் தூக்கத்தில் நடப்பது போன்றவற்றோடு சேர்த்திருந்தது; 2014-இல் வந்தது குறட்டைக்குப் பக்கத்தில், மூச்சு தொடர்பான பகுதியில் கொண்டுபோய் வைத்தது. நிபுணர்களே இடம் மாற்றி வைத்த ஒன்றில் வீட்டில் இருப்பவர்கள் குழம்புவது இயல்புதான். பெரும்பாலும் பதின்வயதிலோ இருபதுகளிலோ தொடங்குகிறது. பெரும்பாலோருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் பெரிதாக இறங்குவதில்லை, உயிருக்கு ஆபத்தும் இல்லை. பக்கத்தில் படுப்பவரின் தூக்கம் போவதுதான் பெரிய இழப்பு.

குறட்டை என்று முடிவு கட்டுவது

இதுதான் முதல் தவறு. பணம் வீணாவதும் இதில்தான் அதிகம். குறட்டை பெரும்பாலும் மூச்சை உள்ளே இழுக்கும்போது வரும்; மென்னண்ணமும் உள்நாக்கும் படபடத்து எழுப்பும் சத்தம் அது. இந்த முனகலோ மூச்சு வெளியேறும்போது வருகிறது, பிறக்கும் இடம் குரல்வளை. குரல்நாண்கள் பாதி மூடிய நிலையில், காற்று அந்த இடுக்கு வழியாக வெளியேறுகிறது. அதனால்தான் கரகரப்பு இல்லாமல் ஒரு குரல் போலவே கேட்கிறது. மூக்கின் மேல் ஒட்டும் பட்டை, மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே, குறட்டைத் தலையணை எல்லாம் ஃபார்மசியில் வரிசையாக இருக்கின்றன. எதுவும் குரல்வளை வரை எட்டாது. அண்ணத்தைக் குறுக்கும் குறட்டை அறுவை சிகிச்சைக்கும் இதே கதைதான்.

பிரித்தறிய கருவி வேண்டியதில்லை. சின்ன விளக்கொன்றைப் போட்டுவிட்டு நெஞ்சைப் பாருங்கள். நெஞ்சு ஏறும்போது சத்தம் என்றால் குறட்டையின் பக்கம், இறங்கும்போது என்றால் இந்த முனகலின் பக்கம்.

மூச்சு நின்றுவிட்டது என்று பதறுவதும், ‘ஒன்றுமில்லை’ என்று விடுவதும்

இரண்டுமே தவறு. பாதி இருட்டில் பார்ப்பவருக்கு மூன்று வேறு விஷயங்கள் ஒன்று போலவே தெரியும். தொண்டை அடைபட்டு மூச்சு தடைபடும் ஸ்லீப் அப்னியாவில், காற்று போகாமலேயே நெஞ்சும் வயிறும் எதிரெதிராக ஏறி இறங்கிப் போராடும். பிறகு திணறி ஒரு பெரிய மூச்சு வரும். மூளையிலிருந்து கட்டளை வராத சென்ட்ரல் அப்னியாவில் நெஞ்சு அசையாமல் கிடக்கும், சத்தமே இருக்காது. கேட்டத்ரீனியாவில் முதலில் பெரிய மூச்சு, அதன் பிறகே நீண்ட இறக்கம், இறங்கும் நேரம் முழுக்கச் சத்தம். வரிசை தலைகீழ் என்பதைக் கவனியுங்கள்: அப்னியாவில் பெரிய மூச்சு கடைசியில் வரும், இங்கே அதுதான் தொடக்கம்.

ஒருவருக்கு அப்னியாவும் கேட்டத்ரீனியாவும் சேர்ந்தே இருக்கவும் கூடும். அதனால் முனகல் இதுதான் என்று தெரிந்த பிறகும் சிலவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. காலையில் தலைவலி, பகலில் கண் செருகுவது, சாலைச் சமிக்ஞை விளக்கில் நிற்கும்போதே தூங்கிவிழுவது, இளம் வயதிலேயே ரத்த அழுத்தம் இருந்தால் அப்னியா பரிசோதனை தேவை. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் வண்டி ஓட்டுபவர் என்றால் இன்னும் சீக்கிரம். மூச்சை இழுக்கும்போது கீச்சென்ற உயர்ந்த ஒலி வந்தால் அது வேறு விஷயம்; உடனே மருத்துவரைப் பாருங்கள். முனகலோடு உடல் விறைப்பது, நாக்கைக் கடித்துக்கொள்வது, படுக்கை நனைவது இருந்தால் வலிப்பாக இருக்கலாம். ஐம்பதைத் தாண்டியவர் தூக்கத்தில் கத்திக் கைகாலை வீசினால் அதுவும் இதுவல்ல.

அமுக்குவான், கெட்ட கனவு, மனக்கவலை

பாட்டி கயிறு மந்திரித்துக் கட்டுவதால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் அமுக்குவான் என்று நாம் சொல்வது விழிப்பு வந்தும் உடல் அசையாத நிலை. அதை அனுபவித்தவருக்கு நன்றாக நினைவிருக்கும், பயமும் இருக்கும். முனகுபவருக்கு எதுவுமே நினைவில்லை. எழுப்பி எழுப்பி “என்ன கனவு கண்டே? மனசுல என்ன வெச்சிருக்கே?” என்று கேட்பதில் ஒரு பயனும் கிடையாது. சத்தம் துக்கம் போலக் கேட்கிறது என்பதற்காக உள்ளே துக்கம் இருக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு முறையும் உலுக்கி எழுப்புவது

முனகல் பெரும்பாலும் ரெம் தூக்கத்தில், அதாவது கனவுகள் அதிகம் வரும் தூக்கக் கட்டத்தில் வருகிறது. இரவின் கடைசிப் பகுதியில்தான் ரெம் தூக்கம் அதிகம். அந்த நேரத்தில் நான்கு முறை உலுக்கினால் இரண்டு பேருக்கும் மறுநாள் பாழ். தோளில் கைவைத்து மெதுவாக ஒருக்களித்துத் திருப்புங்கள். பலருக்கு அந்தச் சுற்று அத்தோடு அடங்கும். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் தொடங்கலாம். அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை.

தவறான நேரத்தில் பதிவு செய்வது

மருத்துவரிடம் ‘ஒரு மாதிரி சத்தம் வருது டாக்டர்’ என்று சொன்னால் நூற்றுக்குத் தொண்ணூறு முறை குறட்டை என்றே எழுதிக்கொள்வார். அவர் மேல் தப்பில்லை. கையில் பதிவு இருக்க வேண்டும், அதுவும் சரியான பதிவு.

படுத்ததும் ஒரு மணி நேரம் பதிவு செய்துவிட்டு ‘இன்னைக்கு வரலை’ என்று நிறுத்திவிடுகிறார்கள். விடியற்காலை 3 மணியிலிருந்து 6 மணி வரைதான் முக்கியம். போனைச் சார்ஜரில் போட்டு, ஏரோப்ளேன் மோடில் வைத்து, தலையிலிருந்து ஒரு கை நீளத் தூரத்தில், மெத்தையின் மேல் இல்லாமல் பக்கத்து மேசையில் வையுங்கள். மெத்தையில் வைத்தால் புரளும் சத்தம்தான் பதிவாகும். மின்விசிறிக் காற்று நேராக மைக்கில் படக் கூடாது. ஏர்கோன் இருந்தால் அன்று ஒரு இரவு விசிறியை நிறுத்திவிடலாம். குறட்டை செயலிகளில் பல, சத்தம் வரும் துண்டுகளை மட்டும் வெட்டி வைக்கின்றன. அதில் முனகலுக்கு முன்னால் வரும் ஆழ்ந்த மூச்சு போய்விடும், நமக்கு வேண்டியதே அதுதான். போனில் இருக்கும் சாதாரண ஒலிப்பதிவே மேல். 64 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 29 எம்பி அளவுதான் வரும், ஏழு மணி நேரத்துக்கு 200 எம்பி.

இன்னொரு நாள், சத்தம் தொடங்கியதும் நெஞ்சும் வயிறும் தெரிகிற மாதிரி இரண்டு நிமிடக் காணொளி எடுங்கள். முகம் வேண்டாம் என்றால் கழுத்துக்குக் கீழே போதும். மூன்று இரவுகளுக்குத் தொடங்கிய நேரம், ஒரு முனகலின் நீளம், எந்தப் பக்கம் படுத்திருந்தார் என்று குறித்துவையுங்கள். எடுத்ததைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவது பெரிய தவறு. அந்தச் சத்தத்தைச் சிலர் வேறு விதமாக எடுத்துக்கொள்வார்கள், சிரிப்பார்கள். அதைத் தாங்குவதுதான் இந்தப் பிரச்சினையில் பாதிப் பாரம்.

பரிசோதனை இரவைக் கெடுத்துக்கொள்வது

கோலாலம்பூரில் இருப்பவர்கள் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துப் பதிந்து, காது மூக்கு தொண்டை நிபுணருக்கோ சுவாச நிபுணருக்கோ கடிதம் வாங்கலாம். லெம்பா பந்தாயிலுள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும், செராஸிலுள்ள துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனையிலும் தூக்கப் பரிசோதனைக் கூடம் உண்டு. காத்திருக்க வேண்டிவரும். தனியாரில் சீக்கிரம் முடியும், செலவு வேறு கணக்கு. காப்பீடு இதை ஏற்குமா என்று முன்னாடியே கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சின்னக் கருவி அப்னியாவுக்குச் சரி. மூளை அலையை அது பொதுவாகப் பதிவதில்லை, பலவற்றில் முழு ஒலிப்பதிவும் கிடையாது. விளைவு என்ன தெரியுமா? முனகும் இருபது நொடியும் மூக்குக் குழாயில் காற்றோட்டம் மிகக் குறைவு, கோடு கிட்டத்தட்ட மட்டமாகப் போகும். சத்தம் கேட்காமல் கோட்டை மட்டும் பார்ப்பவர் அதைச் சென்ட்ரல் அப்னியா என்று எண்ணிவிடலாம். பிறகு இதயமா, நரம்பா என்று தேடல் தொடங்கும். ஆகவே கூடத்தில் படுத்துச் செய்யும் முழுப் பரிசோதனை, ஒலியும் காணொளியும் சேர்த்து, என்று கேட்டு வாங்குங்கள். இரவுப் பணியாளரிடம் உங்கள் பதிவைப் போட்டுக் காட்டி, ‘இது வந்தால் குறித்துவையுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் படுங்கள்.

அன்று தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். நம் ஆட்கள் பழக்கத்தில் தேங்காய் எண்ணெய் தடவி, சீவிப் பின்னிக்கொண்டு போய் நிற்பார்கள். உச்சியில் ஒட்டும் மின்முனைகள் வழுக்கிக்கொண்டு வந்துவிடும், பாதி இரவின் மூளை அலை காணாமல் போகும். ஷாம்பு போட்டு அலசி, நன்றாகக் காயவைத்து, பூ வைக்காமல் போங்கள். ஒரு விரலிலாவது நகப்பூச்சை எடுத்துவிடுங்கள், ஆக்சிஜன் கிளிப் அங்கேதான் மாட்டுவார்கள். மதியத்துக்குப் பிறகு தே தாரிக், காப்பி வேண்டாம். மது வேண்டவே வேண்டாம். மனச்சோர்வு மாத்திரைகளில் பல ரெம் தூக்கத்தைக் குறைப்பவை. நீங்களாக நிறுத்தாதீர்கள், பெயரையும் அளவையும் எழுதிக் கொடுங்கள். தூக்கம் வரவில்லை என்று 4 மணிக்கு வயர்களைக் கழற்றிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினால், சத்தம் வரும் நேரத்தை விட்டுவிட்டு வந்ததாக அர்த்தம். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள் தங்கள் தூக்க நேரத்தை முன்பதிவின்போதே சொல்ல வேண்டும். பகலில் தூங்கிப் பழகியவரை இரவு 10 மணிக்குப் படுக்கவைத்தால் எதுவும் பதிவாகாது.

அவசரப்பட்டுச் சிகிச்சை வாங்குவது

வாயில் டேப் ஒட்டுவது இப்போது மோஸ்தர். அப்னியா இல்லை என்று உறுதியாகும் முன் செய்யாதீர்கள், மூக்கடைப்பு உள்ளவருக்கு ஆபத்து. தூக்க மாத்திரையும், தூக்கம் வர வேண்டும் என்று விழுங்கும் சளி மாத்திரையும் முனகலை நிறுத்தாது. மறைந்திருக்கும் அப்னியாவைத் தூக்க மாத்திரை மோசமாக்கவும் கூடும். வலிப்புக்கும் பதற்றத்துக்கும் தரும் குளோனசெபாம் மாத்திரையைச் சிலருக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், நம்பகமான பலன் இல்லை, பழக்கமாகும் மருந்து வேறு.

சீபேப் இயந்திரம், அதாவது முகமூடி வழியே அழுத்தத்தோடு காற்றுத் தரும் கருவி, பலருக்குச் சத்தத்தைக் குறைத்திருக்கிறது. சிலருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆய்வுகள் எல்லாமே சிறு எண்ணிக்கையில் நடந்தவை. ஆன்லைனில் பழைய இயந்திரம் வாங்கி, முன்பு வைத்திருந்தவரின் அழுத்த அளவிலேயே போட்டுக்கொள்வது நடக்கிறது. அழுத்தம் ஆளுக்கு ஆள் மாறும், அதை ஓர் இரவு படுக்கவைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். வாங்கும் முன் இரவல் அல்லது வாடகைக்குக் கேளுங்கள். ஆக்சிஜன் இறங்காத, பகலில் சுறுசுறுப்பாக இருக்கும் ஒருவர் ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுத்து முகமூடி மாட்டிக்கொள்ள வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். வேண்டாம் என்பதும் நியாயமான முடிவே. கீழ்த்தாடையை முன்னே தள்ளும் வாய்க்கருவி சிலருக்கு உதவியிருக்கிறது. வெந்நீரில் போட்டுக் கடித்து அச்செடுக்கும் வகையை விட்டுவிட்டுப் பல் மருத்துவரிடம் அளவெடுத்துச் செய்யுங்கள், இல்லாவிட்டால் தாடை மூட்டு வலிக்கும்.

பக்கத்தில் படுப்பவரை மறப்பது

‘நீ முதல்ல தூங்கிடு’ என்பது குறட்டைக்காரர் வீட்டு யோசனை. இங்கே அது பாதிதான் உதவும், ஏனென்றால் சத்தம் வருவதே பின்னிரவில். காதடைப்பான் உதவும், ஆனால் பலர் நுனியை மட்டும் செருகிவிட்டு ‘கேக்குது’ என்கிறார்கள். நுரை அடைப்பானை விரலால் மெல்லிய குச்சி போல உருட்டி, எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேல்நோக்கி இழுத்து, உள்ளே விட்டு, விரிந்து அடைக்கும்வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். அழுக்கானதைத் திரும்பப் போடாதீர்கள். விசிறியின் சீரான இரைச்சல் கூடச் சேர்ந்தால் முனகலின் ஒற்றைச் சுருதி நன்றாகவே அமுங்கும். வாரத்தில் இரண்டு இரவு வேறு அறையில் படுத்தால் குடும்பம் பிரிந்துவிடாது. மாமியாரிடம் காரணத்தை நேராகச் சொல்லிவிடுவது நல்லது.

மறைப்பதுதான் கடைசித் தவறு. கல்யாணம் பேசும்போது மறைத்து, முதல் வாரத்தில் தெரியவந்து, நோய் என்று பெரிதாகிறது. விடுதியில் சேரும் பிள்ளை யாரிடமும் சொல்லாமல் போய், மூன்றாம் நாள் கேலிக்கு ஆளாகிறது. பெட்டியைப் பிரிக்கும் முன்பே அறைத்தோழரிடம் இரண்டு வரி போதும்: “நான் தூக்கத்துல முனகுவேன், மூச்சு நிக்காது, டாக்டரிடம் காட்டியாச்சு. எழுப்ப வேண்டாம், தோளைத் தொட்டு ஒருக்களிச்சு விட்டுருங்க.” கூடவே இரண்டு ஜோடி காதடைப்பானும் கொடுத்துவிடுங்கள்.