பேஸ்மென்டில் தண்ணீர்: கொன்ட்ராக்டரைக் கூப்பிட முன்

டொராண்டோப் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் 2024 ஜூலை 16ஐ மறந்திருக்க மாட்டார்கள். பியர்சன் விமான நிலையத்தில் அன்று கிட்டத்தட்ட 98 மில்லிமீட்டர் மழை. 100 சதுர மீட்டர் கூரைக்குக் கணக்குப் போட்டால் 9,800 லிட்டர் தண்ணீர். பீலி (கூரை ஓரத்து மழைநீர்த் தொட்டி) அதைச் சுவரோரத்தில் கொட்டினால், நீங்கள் அரிசி மூட்டையும் கல்யாண ஆல்பமும் அடுக்கி வைத்திருக்கும் பேஸ்மென்டுக்குத்தான் அது இறங்கும்.

இப்போதே தண்ணீர் நிற்கிறது, பிளக் பொயின்ட் வரை ஏறிவிட்டது என்றால் கீழே இறங்கவே வேண்டாம், ஹைட்ரோக்காரரை, அதாவது மின்சாரக் கம்பெனியைக் கூப்பிட்டு மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு படம் எடுங்கள், எதையும் எறிவதற்கு முன்பே. காப்புறுதிக்கு அது வேண்டும். சாதாரண வீட்டுக் காப்புறுதியில் சாக்கடைத் தண்ணீர் திரும்பி வருவது பெரும்பாலும் சேராது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். நனைந்த கார்பெட்டை ஓரிரு நாளுக்குள் வெளியேற்றாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

சரி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இதைத் தெரியாமல் காசு செலவழிப்பதுதான் பெரிய பிழை. நானும் செய்தேன். சுவர் ஈரமாக இருக்கிறதே என்று உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தேன், அடுத்த வசந்தத்தில் பெயின்ட் முழுவதும் உப்புப் பூத்து உரிந்து விழுந்தது. தண்ணீர் வெளியே இருந்து தள்ளிக்கொண்டிருக்கும்போது உள்ளே என்ன பூசினாலும் நிற்காது.

வெறும் ஈரம் என்றால் ஒரு பிளாஸ்டிக் துண்டைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பிளாஸ்டிக்கின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அது காற்றின் ஈரம், ஜூலையில் ஜன்னலைச் சாத்திவிட்டு காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிஹியூமிடிஃபையர் போட்டால் போதும். உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் வழியாக வருகிறது.

அப்போது வெளியே போய் வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள், மழை பெய்யும்போதே குடையோடு போனால் இன்னும் நல்லது. பீலியில் மேப்பிள் இலை அடைத்திருக்கிறதா, இறங்கு குழாய் சுவரிலிருந்து 2 மீட்டராவது தள்ளி (பக்கத்து வீட்டுக்காரர் பக்கம் அல்ல!) விடுகிறதா, மண் வீட்டை நோக்கிச் சரிந்திருக்கிறதா, பேஸ்மென்ட் ஜன்னல் குழிக்குள் குப்பை நிறைந்திருக்கிறதா. இவற்றில் பாதி வேலை ஒரு ஏணியும் சில மூட்டை மண்ணும் இருந்தால் ஒரு சனிக்கிழமையில் முடிந்துவிடும். வார்த்த கொங்கிரீட் சுவரில் செங்குத்தாக ஒரு வெடிப்பு மட்டும் என்றால் உள்ளிருந்தே பாலியூரித்தேன் செலுத்தி அடைக்கலாம், சுற்றிவரத் தோண்டத் தேவையில்லை. ஆனால் வெடிப்பு கிடையாக ஓடினால் இஞ்சினியரைக் கூப்பிடுங்கள், அது மண் சுவரைத் தள்ளுவதன் அடையாளமாக இருக்கலாம்.

சம்ப் பம்ப் (பேஸ்மென்ட் தரைக் குழியில் சேரும் தண்ணீரை வெளியே இறைக்கும் பம்ப்) இருந்தால் சில மாதத்துக்கு ஒருமுறை குழிக்குள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி ஓடுகிறதா என்று பாருங்கள். பெருமழை நேரத்தில்தான் கரண்டும் போகும், அதனால் பேட்டரி இல்லாத பம்பை முழுதாக நம்ப முடியாது.

பேஸ்மென்ட் தரையில் இருக்கும் வடிகால் ஓட்டை வழியாகத் தண்ணீர் நாற்றத்தோடு வந்தால் கதையே வேறு. அது நகரத்துச் சாக்கடை நிரம்பித் திரும்பி வருவது, பீலியைத் திருத்தினாலும் நிற்காது. சாக்கடைத் தண்ணீர் திரும்பி வந்தால் தானாக மூடிக்கொள்ளும் பேக்வாட்டர் வால்வ்தான் வேண்டும். டொராண்டோ நகரசபை அதற்கும் சம்ப் பம்புக்கும் மானியம் தருகிறது, வேலையைக் கொடுக்கும் முன் நகரசபையின் 311 என்ற தொலைபேசி எண்ணுக்கு அடித்து நிபந்தனைகளைக் கேளுங்கள். வால்வ் போட்ட பிறகு வீட்டில் எல்லோருக்கும் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: பெருமழையில் அது மூடியிருக்கும்போது மேல்மாடியில் யாராவது குளித்தாலோ வாஷிங் மெஷின் போட்டாலோ, அந்தத் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உங்கள் பேஸ்மென்டிலேயே ஏறும்.