குளிர்ந்து கிடக்கும் பழைய புல்லட் பைக்கை ஸ்டார்ட் செய்வது எப்படி?

காலையில் பத்துப் பதினைந்து கிக் அடித்தும் வண்டி எடுக்கவில்லை என்றால் பெரும்பாலானவர்கள் ஆக்சிலேட்டரை முறுக்கி முறுக்கி மிதிப்பார்கள். குளிரில் கூடுதல் பெட்ரோல் தரும் சோக்கைப் போட்டிருக்கும்போது அதை மட்டும் செய்யாதீர்கள்.

நான் சொல்வது திருவொற்றியூரில் தயாரான பழைய காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு சிலிண்டர்) 350-ஐப் பற்றி, அதாவது பிளக்கில் பொறி விழ மின்சாரத்தைத் திறந்து மூடும் பாயிண்ட் செட்டும், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் மிக்கார்ப் கார்புரேட்டரும் உள்ள வண்டி. எங்கள் வீட்டில் இருப்பது அப்பா வாங்கியது, நிற்பது ஊட்டியில். ஜனவரியில் விடியற்காலை சீட்டின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும்.

எரிவது பெட்ரோல் அல்ல, பெட்ரோலின் ஆவி. இரும்பு ஜில்லென்று இருக்கும்போது உள்ளே போகும் பெட்ரோலில் பாதி ஆவியாகாமல் சுவரில் துளித்துளியாக ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மிக்கார்பில் சோக் என்பது காற்றை அடைக்கும் தகடு இல்லை. லீவரைத் தூக்கினால் ஒரு குட்டிப் பிஸ்டன் மேலே ஏறி, பெட்ரோலுக்குத் தனியாக ஒரு சின்ன வழி திறக்கும். ஆக்சிலேட்டர் திறந்து மூடும் ஸ்லைடு மூடியிருந்தால்தான் எஞ்சினின் உறிஞ்சும் வேகம் அந்த வழியில் முழுதாக விழும். ஆக்சிலேட்டரைத் திறந்தீர்களா, அந்த இழுப்பு போய்விடும், சோக் போட்டும் பயனில்லை.

சரி, இப்போது வண்டியிடம் போவோம். ஷெட்டின் கதவை நன்றாகத் திறந்து வையுங்கள், மூடிய இடத்தில் புகை ஆபத்து. காலில் ஷூ இருக்கட்டும். சாவி ஆஃபில் இருக்க, கிளட்சைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை கிக்கரை மிதியுங்கள். இரவெல்லாம் எண்ணெயில் ஒட்டிக்கிடந்த கிளட்ச் பிளேட்டுகள் பிரியும், முதல் கியர் போடும்போது வண்டி துள்ளாது. அப்புறம் கிளட்சை விட்டு, பெட்ரோலைத் திறந்து, சோக் போட்டு, சாவி போடாமலேயே இன்னும் இரண்டு மூன்று முறை மிதியுங்கள். இது சிலிண்டருக்குள் பெட்ரோலை இழுத்து வைக்கத்தான்.

இனி சாவியைப் போட்டு, ஹெட்லைட் ஆஃபில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பேட்டரி மின்சாரம் போவதையும் வருவதையும் காட்டும் ஆம்ப் மீட்டர் முள்ளைக் கவனியுங்கள். கிக்கரை மெதுவாக அழுத்தும்போது பாயிண்ட் மூடியிருந்தால் முள் மைனஸ் பக்கம் சாயும். கால் இதற்கு மேல் போகாது என்று கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்துவது, தடுக்கிற இடத்தில் முள் சட்டென்று நடுவுக்குத் திரும்பும், அதுதான் நமக்கு வேண்டிய இடம். அங்கே அந்த அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் ஒரு துளி கீழே தள்ளி, லீவரை விட்டுவிடுங்கள். கிக்கரை முழுதாக மேலே வரவிட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல், ஒரே மிதி, அடிவரை. பாதியில் காலை எடுத்தால் திருப்பி உதைக்கும், கணுக்கால் பத்திரம்.

எடுத்ததும் உறுமவிடாதீர்கள். அலுமினியப் பிஸ்டன் சீக்கிரம் விரியும், இரும்பு சிலிண்டர் நிதானமாகத்தான் விரியும். குளிரில் முறுக்கினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ள அதுவே போதும். அரை நிமிடம், போனால் ஒரு நிமிடம், சோக்கை எடுத்துவிட்டு முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் மெதுவாகப் போங்கள். எங்கள் ஊர் மாதிரி 2,200 மீட்டர் உயரத்தில் காற்றே மெல்லிசு, அதனால் கலவை ஏற்கெனவே கொஞ்சம் கெட்டியாகத்தான் இருக்கும். சோக்கை இன்னும் சீக்கிரம் எடுக்காவிட்டால் பிளக் கருப்படிக்கும்.

எஞ்சின் சூடான பிறகும் சோக் போட்டால்தான் ஓடுகிறதா? அப்படியானால் கார்புரேட்டரில் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையான பைலட் ஜெட்டைப் பாருங்கள். எங்கள் வண்டிக்கு இதே நோய் வந்தபோது ஒரு மெக்கானிக் காயிலை மாற்றினார், பிளக்கை மாற்றினார், செலவானதுதான் மிச்சம். கடைசியில் கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், துளையே தெரியவில்லை. காய்ந்த பெட்ரோல் பழுப்பாக அடைத்திருந்தது. கார்ப் கிளீனரில் ஊறவைத்து, மின்வயரிலிருந்து உருவிய ஒரே ஒரு செம்பு இழையை விட்டு எடுத்ததும் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தது. ஊக்கு, கம்பியெல்லாம் விடாதீர்கள், பித்தளைத் துளை பெரிதாகிவிடும்.

ஜெட் சுத்தமாக இருந்தும் தொந்தரவு தீரவில்லை என்றால் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்கிறதா என்று ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பாருங்கள். வால்வை இயக்கும் டேப்பட்டையும் குளிர்ந்த எஞ்சினில்தான் பார்க்க வேண்டும்: பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் நிற்கும்போது, டேப்பட்டின் மேல் நிற்கும் புஷ்ராடு என்ற தண்டு விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் குளிரில் ஆவியாகத் தயங்கும், அது எரிவதற்குக் காற்றும் குறைவாகவே வேண்டும், ஆகவே பழைய செட்டிங்கில் கலவை நீர்த்துப்போகும். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி நிறுத்தி, கார்புரேட்டரில் காற்றின் அளவை மாற்றும் ஏர் ஸ்க்ரூவை மென்மையாக உள்ளே முட்டும்வரை திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள். அங்கிருந்து கால் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே என்று நகர்த்தி, ஐடிலிங் எங்கே சீராகவும் வேகமாகவும் இருக்கிறதோ அங்கே விடுங்கள். உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். சரியாக வந்திருக்கிறதா என்று அன்றைக்கே முடிவு செய்ய முடியாது, மறுநாள் விடியற்காலையில் ஜில்லென்று நிற்கும் வண்டியை எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.