போர்தோ பாணிச் சிவப்பு ஒயினை வீட்டு மேசையில் கலந்து பார்ப்பது எப்படி

பிரான்சின் தென்மேற்கில் கரோன், தோர்தோன் என்ற இரண்டு ஆறுகள் கூடி ஜிரோந்த் என்னும் அகன்ற கழிமுகமாகக் கடலை அடையும் பகுதிதான் போர்தோ. அங்கு ஒரே ரகத் திராட்சையால் ஆன சிவப்பு ஒயின் அரிது, அதற்கு முதற்காரணம் வானிலை. மெர்லோ என்ற திராட்சை ரகம் முன்னதாகத் துளிர்ப்பதால் வசந்தகால உறைபனியில் சிக்கிக்கொள்ளும். கேபர்னே சோவின்யோன் என்ற ரகம் அதைவிட ஓரிரு வாரம் பிந்திப் பழுப்பதால் இலையுதிர்கால மழையில் நனையும். எந்த ஆண்டு எது கைவிடும் என்று தெரியாத உழவர்கள் இரண்டையும் நட்டார்கள். பயிருக்குக் காப்பாகத் தொடங்கிய இந்த வழக்கமே பின்னர் 'அஸாம்ப்லாஜ்' எனப்படும் கலவைக் கலையாக வளர்ந்தது.

இந்தக் கலையின் அடிப்படையை அறியத் தோட்டமும் பீப்பாயும் தேவையில்லை. கேபர்னே சோவின்யோன், மெர்லோ, கேபர்னே ஃப்ரான் ஆகியவற்றில் ஒவ்வொரு புட்டி வாங்கிக்கொண்டால் போதும். கிடைத்தால் பெத்தி வெர்தோவில் ஒன்றும் சேர்த்துக்கொள்ளலாம். வாங்கும்போது மூன்றும் ஏறத்தாழ ஒரே வயதினவாகவும், ஓக் பீப்பாயின் மணம் தூக்கலாக இல்லாதனவாகவும் இருக்கட்டும், ஏனெனில் ஓக்கின் வனிலா மணம் ரகங்களுக்கிடையிலுள்ள வேறுபாட்டை மூடிவிடும். இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: சீட்டில் 'மெர்லோ' என்று மட்டும் அச்சிட்டிருந்தாலும் அது முழுக்க மெர்லோவாக இருக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த ரகம் 85 விழுக்காடு இருந்தால் போதும், அமெரிக்காவில் 75 விழுக்காடே போதும். ஆகவே பின்பக்கச் சீட்டில் விவரம் தந்திருக்கும் புட்டியைத் தேடி வாங்குவது நல்லது.

கருவிகள் எளியவை. மில்லிலிட்டர் குறியிட்ட 100 மில்லி அளவுக் குவளை ஒன்று, மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சு ஒன்று, ஒரே வடிவக் கண்ணாடிக் கிண்ணங்கள் ஐந்தாறு, துப்புவதற்கு ஒரு பாத்திரம், குறித்துக்கொள்ளத் தாளும் பேனாவும். துப்பும் பாத்திரத்தைப் பலர் விளையாட்டாக எண்ணித் தவிர்க்கிறார்கள். விழுங்கிக்கொண்டே சுவைப்பவரின் தீர்ப்பு ஐந்தாவது கிண்ணத்துக்கு மேல் செல்லாது. வெப்பநிலை 16 முதல் 18 பாகை செல்சியஸ் வரை இருக்க வேண்டும். அறையின் வெப்பநிலையில் பரிமாறலாம் என்ற பழைய அறிவுரை குளிர்நாட்டு அறைகளை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. 30 பாகை வெப்பமுள்ள வீட்டில் புட்டிகளைக் குளிர்பதனப் பெட்டியில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்தெடுக்க வேண்டும், இல்லையேல் ஆல்கஹாலின் காரமே மேலெழுந்து நிற்கும்.

கலப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் தனியே சுவைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் படியில் அவசரம் கூடாது. கேபர்னே சோவின்யோனை வாயில் உருட்டினால் நாவற்பழம் தின்றபின் ஈறுகளில் ஏறுவது போன்ற துவர்ப்பு தெரியும். தொடக்கமும் முடிவும் உறுதியாக இருக்கும், ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு வெற்றிடம் புலப்படும். மெர்லோ அதற்கு நேர்மாறானது: நடுநாக்கில் கனிந்த பிளம் பழம்போல் நிறைந்திருந்து, முடியும்போது சட்டென்று தளர்ந்துவிடும். கேபர்னே ஃப்ரானில் வாயில் உணரும் கனத்தைவிட மணமே மிகுதி. வயலெட் மலரும் ராஸ்ப்பெரியும் கலந்த அந்த மணத்தின் ஓரத்தில், சரியாகப் பழுக்காத ஆண்டுகளில், பச்சைக் குடைமிளகாயின் நெடியும் வீசும். பெத்தி வெர்தோ மிகப் பிந்திப் பழுப்பது, அடர்ந்த நிறமும் கடுந்துவர்ப்பும் கொண்டது. (கேபர்னே சோவின்யோன் என்பதே கேபர்னே ஃப்ரானும் வெள்ளை ரகமான சோவின்யோன் பிளாங்கும் இயற்கையாகக் கலந்து பிறந்தது என்று 1997இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. அதை அறிந்தபின் சுவைத்தால் பெற்றோரிடமுள்ள பச்சை நெடி பிள்ளையிடமும் தென்படும்.)

இனி போர்தோ ஆறுகளின் எந்தக் கரையின் பாணியைப் பின்பற்றுவது என்று முடிவு செய்ய வேண்டும். இடக்கரையான மெடோக்கில் நிலம் கூழாங்கல்லால் ஆனது. நீர் விரைவில் வடிந்து வெப்பம் தங்குவதால் கேபர்னே சோவின்யோன் அங்கே முழுமையாகப் பழுக்கிறது. வலக்கரையான சேன்தெமிலியோன், பொமரோல் பகுதிகளில் களிமண்ணும் சுண்ணாம்புக் கல்லும் மிகுதி. அந்தக் குளிர்ந்த நிலத்துக்கு மெர்லோவே ஒத்துவரும். இடக்கரைப் பாணிக்கு 60 மில்லி கேபர்னே சோவின்யோன், 30 மில்லி மெர்லோ, 10 மில்லி கேபர்னே ஃப்ரான் என்று தொடங்கலாம். வலக்கரைப் பாணிக்கு 70 மில்லி மெர்லோ, 25 மில்லி கேபர்னே ஃப்ரான், 5 மில்லி கேபர்னே சோவின்யோன் பொருந்தும். இவை புறப்படும் இடங்கள் மட்டுமே. போர்தோவிலும் ஆண்டுக்காண்டு விகிதம் மாறிக்கொண்டே இருக்கும்.

இதன்பிறகு ஒரு நேரத்தில் ஒரு ரகத்தை மட்டும் மாற்றுங்கள். முதற்கலவையில் நடுப்பகுதி இன்னும் வெறுமையாகத் தெரிந்தால், கேபர்னே சோவின்யோனில் 5 மில்லியைக் குறைத்து அதே அளவு மெர்லோவைக் கூட்டி, பழைய கிண்ணத்தையும் புதியதையும் அருகருகே வைத்துச் சுவைக்க வேண்டும். நன்றாக இருக்கிறதா என்று கேட்பதைவிட என்ன குறைகிறது என்று கேட்பதே விடைக்கு விரைவாக இட்டுச்செல்லும் என்பது என் கருத்து. தொடங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு, கையிலுள்ள எல்லாவற்றையும் சமமாக ஊற்றுவது. அப்படிச் செய்தால் ஒவ்வொன்றின் கூர்மையும் மற்றொன்றால் மழுங்கிப்போகும். பெத்தி வெர்தோவை 2 மில்லியிலிருந்து தொடங்கி, 5 மில்லியைத் தாண்டாமல் நிறுத்துங்கள். நூற்றில் இரண்டு பங்கு எதைச் செய்துவிடும் என்று ஐயுறுபவர் அந்த இரண்டு மில்லி இல்லாத கிண்ணத்தோடு ஒப்பிட்டால் முடிவில் சுவை வாயில் நிற்கும் நேரத்தில் வேறுபாட்டை உணர்வார்.

இறுதித் தேர்வை உடனே அறிவித்துவிட வேண்டாம். தேர்ந்த இரண்டு கலவைகளை மூடிவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து, எது எதுவென்று தெரியாதபடி வேறொருவரைக் கொண்டு ஊற்றச் செய்து மீண்டும் சுவையுங்கள். வறுத்த ஆட்டிறைச்சித் துண்டு ஒன்றோடும் சுவைத்துப் பார்க்கலாம். புரதமும் கொழுப்பும் துவர்ப்பைத் தணிக்கும் என்பதாலேயே போயாக் ஊரின் இளம் ஆட்டிறைச்சி இந்த ஒயினுக்கு மரபான துணையாயிற்று. ஆனால் மிளகாய் சேர்க்காத இறைச்சியாக இருக்கட்டும், காரம் ஆல்கஹாலின் எரிவைக் கூட்டிவிடும்.

விகிதம் உறுதியானதும் முழுப் புட்டிக்குப் பெருக்கிக்கொள்ளலாம்: 60, 30, 10 என்ற கலவை 750 மில்லிக்கு முறையே 450, 225, 75 மில்லியாகும். கலந்ததைக் கழுத்துவரை நிரப்பி, இறுக மூடி, குளிரில் வைத்து இரண்டு நாளுக்குள் முடித்துவிட வேண்டும், ஏனெனில் ஊற்றும்போதெல்லாம் காற்று பட்ட ஒயின் அதற்குமேல் தாங்காது. போர்தோவின் பெரிய பண்ணைகளில் முதன்மைக் கலவைக்குத் தேறாதவை 'இரண்டாம் ஒயின்' என்ற பெயரில் தனியே விற்பனைக்குப் போகும். வீட்டில் தேறாத கிண்ணங்களை ஒன்றாகச் சேர்த்து, எலும்போடு கூடிய இறைச்சியை மெல்லிய தீயில் வேகவைக்கும் பானையில் ஊற்றிவிடலாம்.